தண்ணீர் ஊற்றாமல், கீறல் விழாமல் கார் துடைப்பது எப்படி

2019 கோடை. சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய எங்கள் குடியிருப்பில் போர்வெல் வற்றி இரண்டு மாதம் ஆகியிருந்தது. நகரத்துக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு கிடந்தன. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வந்து சேர்ந்தது. குளிக்கவும் சமைக்கவும் லாரித் தண்ணீரை அளந்து அளந்து செலவழித்த அந்த நாட்களில் கார் கழுவுவதைப் பற்றி வாயைத் திறக்கவே கூச்சமாக இருந்தது.

நான் கார் வாங்கி அப்போது நான்கு மாதம். கருநீல நிறம். தூசி படிந்து கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், சிக்னலில் விற்கும் மஞ்சள் துணி ஒன்றை வாங்கி, தினமும் காலையில் அப்படியே காய்ந்த துணியால் துடைத்தேன். ஆகஸ்டில் ஒரு ராத்திரி பெட்ரோல் பங்க் விளக்கு வெளிச்சத்தில் பானெட்டைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. முழுக்கச் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள். அத்தனையும் என் கையால் விழுந்தவை. பாலிஷ் போட்ட பிறகும் முழுதாகப் போகவில்லை.

அதற்கப்புறம் முறையாகக் கற்றுக்கொண்டு, அதே காரை இத்தனை வருஷமாகப் பெரும்பாலும் தண்ணீர் ஊற்றாமல்தான் துடைக்கிறேன். புதுக் கீறல் அநேகமாக இல்லை. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக அதை முதலிலிருந்து எழுதுகிறேன். கொஞ்சம் பொறுமை மட்டும் வேண்டும். ஒரு நடுத்தரக் காருக்கு 45 நிமிடம் ஆகும்.

கீறல் எங்கிருந்து வருகிறது

காரின் தகட்டுக்கு மேல் ப்ரைமர் என்ற அடிப்பூச்சு, அதற்கு மேல் நிறம், அதற்கும் மேல் கிளியர் கோட் என்ற நிறமில்லாத ஒரு படலம். பளபளப்பு முழுக்க இந்தக் கடைசிப் படலத்தில்தான் இருக்கிறது. அதன் தடிமன் பொதுவாக 30 முதல் 50 மைக்ரான் வரை (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). நம் தலைமுடி ஒன்று சுமார் 70 மைக்ரான். அதாவது ஒரு முடியின் தடிமன்கூட இல்லாத படலத்தைத்தான் நாம் தேய்த்துக்கொண்டிருக்கிறோம்.

அதன் மேல் உட்காரும் தூசியில் மணல் இருக்கிறது. மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ். தாதுக்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதற்கு 7. சாதாரண எஃகுக் கத்திக்கே 5.5 சுற்றித்தான் வரும். அப்படிப்பட்ட துகளைக் காய்ந்த துணிக்கு அடியில் வைத்து அழுத்தி இழுத்தால் உப்புத்தாள் செய்யும் வேலையைத்தான் அது செய்யும். துணி எவ்வளவு மிருதுவானது என்பது அங்கே இரண்டாம் பட்சம்.

தண்ணீர் ஊற்றிக் கழுவும்போது துகள் மிதந்து ஓடிவிடுகிறது. தண்ணீர் இல்லாத முறையில் அதே வேலையை ஒரு வழவழப்பான திரவம் செய்ய வேண்டும். அது துகளைச் சூழ்ந்து, பெயிண்டிலிருந்து விடுவித்து, துணியின் இழைக்குள் ஏறவைக்க வேண்டும். அழுக்கைத் தேய்த்து எடுப்பது என்ற எண்ணத்தையே விட்டுவிட்டு, தூக்கி எடுப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் ஒவ்வொரு படிக்கும் காரணம் இதுதான்.

முதலில், இன்று துடைக்கலாமா என்று பாருங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்.

காரை நாலாபுறமும் சுற்றிப் பாருங்கள். விரலால் கோடு போட்டுப் பார்க்க வேண்டாம். அந்தக் கோடே கீறலாக நிற்கும். (குழந்தைகள் தூசி படிந்த காரின் மேல் விரலால் பெயர் எழுதினால் அன்பாகச் சொல்லி நிறுத்துங்கள். கழுவின பிறகும் சில பெயர்கள் வெயிலில் தெரியும்.) தூசிக்கு அடியில் காரின் நிறம் நன்றாகத் தெரிகிறதா? ஓரிரு வாரத்துத் தூசி, நகரத்துப் புகை, மழை பெய்து காய்ந்த பொட்டுகள், இதெல்லாம் சரி. தாராளமாகத் துடைக்கலாம்.

சேறு தெறித்துக் காய்ந்திருந்தால், கடற்கரைச் சாலையில் ஓட்டி மணல் ஏறியிருந்தால், செம்மண் பாதையில் போய் வந்திருந்தால், அன்றைக்கு இந்த முறை வேண்டாம். கதவின் கீழ்ப்பகுதியில் மட்டும் சேறு என்றால், மேல்பாதியை மட்டும் துடைத்துவிட்டு அதை அப்படியே விட்டுவிடுங்கள். பக்கத்து வாட்டர் சர்வீஸில் வெறும் தண்ணீர் மட்டும் பீய்ச்சச் சொல்லி, துணி போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம். மழைக்காலம் என்றால் இன்னும் எளிது. நல்ல மழையில் ஒரு மணி நேரம் வண்டியை வெளியே நிறுத்தினால் பெரிய துகள்கள் போய்விடும். மிச்சமிருக்கும் மெல்லிய படலத்துக்கு இந்த முறை மிகப் பொருத்தம்.

சிமெண்ட் தூசி தனி விஷயம். பக்கத்தில் கட்டடம் எழும்பினாலோ, மெட்ரோ ரயில் வேலை நடக்கும் சாலையில் தினமும் போய் வந்தாலோ அது படியும். சிமெண்ட் கொஞ்சமாக ஈரமானால் காரத்தன்மை வெளிப்பட்டு, காய்ந்து ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் ஸ்ப்ரே அடிப்பது தப்பு. முதலில் காற்றால் ஊத வேண்டும், பிறகு நிறையத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

சாதாரணத் தூசி சில நாள் கிடந்தால் பெயிண்டுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. தப்பாகத் துடைத்தால்தான் ஆகும். அதனால் சந்தேகமாக இருக்கும் நாளில் துடைக்காமல் விடுவது நல்லது.

வாங்க வேண்டியவை

திரவம். 'வாட்டர்லெஸ் வாஷ்' என்று லேபிளில் இருக்க வேண்டும். 'க்விக் டீடெய்லர்' என்று பக்கத்திலேயே அதே மாதிரி பாட்டிலில் இருக்கும். அது ஏற்கெனவே சுத்தமாக இருக்கும் காருக்குப் பளபளப்பு ஏற்ற. தூசியைத் தாங்கும் வழவழப்பு அதில் போதாது. டேஷ்போர்டு பாலிஷும் இதற்கு ஆகாது. சிறிய காருக்கு ஒரு தடவைக்கு 150 மில்லி, பெரிய காருக்கு 250 மில்லி போல ஆகும். இதில் கஞ்சத்தனம் பார்த்தால் அந்தக் காசைப் பாலிஷ்காரரிடம் கொடுக்க வேண்டிவரும்.

வீட்டிலேயே தயாரிக்கலாம் என்று பாத்திரம் துலக்கும் திரவம், தலைக்குப் போடும் ஷாம்பூ, வினிகர் கலந்து குறிப்புகள் சுற்றுகின்றன. வேண்டாம். பாத்திரத் திரவமும் ஷாம்பூவும் எண்ணெய்ப் பிசுக்கை வெட்டுவதற்காகச் செய்தவை. அலசாமல் விட்டால் படலமாகக் காய்ந்து நிற்கும், காரின் மேல் இருக்கும் வேக்ஸ் என்ற மெழுகுப் பூச்சையும் எடுத்துவிடும். நமக்கு வேண்டிய வழவழப்பும் அவற்றில் இல்லை.

துணி. மைக்ரோஃபைபர்தான். பாலியெஸ்டரும் பாலியமைடும் கலந்த இழை அது. 80க்கு 20 அல்லது 70க்கு 30 என்று லேபிளில் இருக்கும். 350 முதல் 400 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) அளவில், 40 சென்டிமீட்டர் சதுரத் துணி எட்டாவது வேண்டும். ஒரு துணி போதாதா என்று எல்லோரும் கேட்பார்கள். போதாது. நீண்ட இழைகளுக்கு நடுவில் துகள் உள்ளே போய் உட்கார இடம் இருப்பதுதான் இதன் பலன். அந்த இடம் நிரம்பிவிட்டால் மைக்ரோஃபைபரும் மஞ்சள் துணியும் ஒன்றுதான். துடைத்து மெருகேற்ற இன்னும் அடர்த்தியான துணி இரண்டு, கண்ணாடிக்கு இழை குட்டையான துணி ஒன்று, சக்கரத்துக்குப் பழைய துணி இரண்டு. நிறம் பிரித்து வாங்கினால் குழப்பம் வராது. என்னிடம் மேலே துடைக்க நீலம், சக்கரத்துக்குச் சாம்பல்.

ஓரத்தில் தைத்திருக்கும் டேக்கைக் கவனமாக வெட்டிவிடுங்கள். அதுவும் கீறும். துணி நல்லதா என்று சந்தேகமா? பழைய சி.டி. ஒன்றின் மின்னும் பக்கத்தில் பத்து தடவை தேய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். கோடு விழுந்தால் அந்தத் துணி சமையலறைக்கு.

ஒர்க்ஷாப்புகளில் கிலோ கணக்கில் கிடக்கும் பனியன் வேஸ்ட், பழைய வேட்டி, செய்தித்தாள், இவையெல்லாம் கை துடைக்கவும் இன்ஜின் துடைக்கவும் அருமையானவை. பெயிண்டுக்கு வேண்டாம். பனியன் துணியில் தையலும் முடிச்சும் இருக்கும். தட்டையான நூல் துகளை உள்ளே வாங்காமல் மேலேயே வைத்து இழுக்கும். நீளமான நூல் இழைகள் தொங்கும் மெழுகு டஸ்டரும் அப்படித்தான். தூசி படிந்த பானெட்டில் அதைப் போட்டு இழுப்பதை நான் விட்டுவிட்டேன்.

இன்னும் ஒன்று சொல்வேன், கட்டாயம் இல்லை. கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைகளில் தூசி ஊத வைத்திருக்கும் கை ப்ளோயர். தளர்வாகக் கிடக்கும் தூசியில் பாதியைக் காரைத் தொடாமலேயே அது எடுத்துவிடும். பக்கத்துக் காரின் பக்கம் பார்த்து ஊதாதீர்கள்.

துடைக்கும் முறை

வெயிலில் செய்யக்கூடாது. காலை ஏழு மணிக்குள், நிழலில். புறங்கையை பானெட்டில் வைத்துப் பாருங்கள். சூடு தெரிந்தால் ஆறட்டும். ஓட்டி வந்த உடனே பானெட் கொதிக்கும். சூடான தகட்டில் அடித்த திரவம் வேலை செய்வதற்குள் உலர்ந்துவிடும், திட்டுத்திட்டாகக் கறையும் நிற்கும். மோதிரம், வாட்ச், வளையல் கழற்றுங்கள். பெல்ட் பக்கிளும் ஜீன்ஸ் பித்தான்களும் கதவில் உரசுகிற உயரத்தில்தான் இருக்கின்றன.

துணியை இரண்டாக மடித்து, மறுபடி இரண்டாக மடியுங்கள். இப்படிப் பிரித்துத் திருப்பினால் ஒரு துணியில் எட்டு சுத்தமான பக்கம் கிடைக்கும்.

கூரையில் தொடங்குங்கள். முழுக் காரையும் ஒரே நேரத்தில் நனைக்காதீர்கள். கூரையில் பாதி, பானெட்டில் பாதி, ஒரு கதவு என்று பகுதி பகுதியாக. எடுத்துக்கொண்ட பகுதியில் தூசி தெரியாத அளவுக்குத் திரவத்தை அடியுங்கள். ஈரம் சொட்டினாலும் பரவாயில்லை. பிறகு ஒரு நிமிடம் சும்மா இருங்கள். கை பரபரக்கும், இருந்தாலும் பொறுங்கள். அழுக்கு ஊறித் தளர்வது அந்த ஒரு நிமிடத்தில்தான். துணியின் முகத்திலும் இரண்டு தடவை அடித்து லேசாக ஈரமாக்குங்கள்.

இப்போது துணியைப் பெயிண்டின் மேல் வைத்து, ஒரே திசையில், நேர்க்கோட்டில் இழுங்கள். அழுத்தம் கொடுக்க வேண்டாம். துணியின் எடையும் கையின் எடையும் போதும். முன்பக்க விளிம்பை லேசாகத் தூக்கியபடி இழுத்தால் துகள் துணிக்கு அடியில் மாட்டாமல் இழைக்குள் ஏறும். தோசைக்கல்லில் மாவு தேய்ப்பது போல வட்டமாகச் சுற்றுவதுதான் நம் கைக்குப் பழக்கம். அதை இங்கே விட வேண்டும். தப்பித்தவறி ஒரு துகள் கீறினாலும், நேர்க்கோட்டுக் கீறல் ஏதோ ஒரு கோணத்தில்தான் தெரியும். வட்டக் கீறல் எந்தப் பக்கம் வெளிச்சம் விழுந்தாலும் மின்னும். என் பானெட் பெட்ரோல் பங்கில் அப்படித் தெரிந்ததற்குக் காரணம் அதுதான்.

ஓர் இழுப்பு, இரண்டு இழுப்பு. துணியைத் திருப்பிப் பாருங்கள். அழுக்குக் கோடு தெரியும். அடுத்த பக்கத்துக்கு மாற்றுங்கள். அழுக்கான முகத்தோடு திரும்பி வரக்கூடாது. முன்னும் பின்னும் தேய்க்கவும் கூடாது. எட்டுப் பக்கமும் முடிந்தால் அந்தத் துணியை ஒரு பையில் போட்டு அடுத்ததை எடுங்கள். ஒரே இழுப்பில் போகாத இடம் இருந்தால் அழுத்தாமல் மறுபடி ஸ்ப்ரே அடித்து, காத்திருந்து, புதுப் பக்கத்தால் இழுங்கள்.

ஈரம் காய்வதற்கு முன்னால் அடர்த்தியான உலர்ந்த துணியால் மெதுவாக ஒற்றித் துடைத்தால் அந்தப் பகுதி முடிந்தது. அங்கே பளபளப்பு வரும். அதில் மயங்கி அழுத்தித் தேய்க்க ஆரம்பித்துவிடாதீர்கள்.

துணி கீழே விழுந்துவிட்டால்? உதறிவிட்டுத் தொடரக்கூடாது. தரை மணல் இழைக்குள் ஏறிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இனி அந்தத் துணிக்குச் சக்கர வேலைதான்.

வரிசை இப்படி: கூரை, பானெட், கதவுகளின் மேல்பாதி, பின்பக்கம், கதவுகளின் கீழ்ப்பாதி, பம்பர்களின் அடிப்பகுதி, கடைசியாகச் சக்கரம். சுத்தமானதிலிருந்து அழுக்கானதற்கு என்பது கணக்கு. ஹேட்ச்பேக், எஸ்.யூ.வி. வைத்திருப்பவர்கள் பின்கதவைத் தனியாகக் கவனியுங்கள். ஓடும்போது காரின் பின்னால் காற்று சுழன்று, சாலைத் தூசியை அங்கேதான் கொண்டுவந்து அப்பும். கூரையைவிட அங்கே இரண்டு மடங்கு திரவம் அடிக்கிறேன். கதவின் கைப்பிடிக் குழியில் நகம் பட்டு விழும் கீறல்கள் எல்லாக் கார்களிலும் உண்டு. அவை துடைத்து வந்தவை இல்லை, துடைத்தும் போகாது.

கண்ணாடியில் இந்தத் திரவம் கொஞ்சம் படலம் விடும். மழையில் வைப்பர் போட்டால் மங்கலாகத் தெரியும். அதனால் முன்கண்ணாடிக்கு மட்டும் கண்ணாடிக்கென்றே உள்ள திரவமும் தனித் துணியும். வைப்பரைத் தூக்கி அதன் ரப்பரையும் ஒருமுறை வழித்துவிடுங்கள். அதில் சேரும் மணல்தான் கண்ணாடியில் அரைவட்டக் கோடு போடுகிறது.

சக்கரத்தில் பிரேக் தூள் இருக்கும். அது உலோகத் துகள். அங்கே போட்ட துணி மறுபடி மேலே ஏறவே கூடாது, துவைத்த பிறகும்கூட. வழவழப்பான திரவம் பிரேக் டிஸ்க்கின் மேல் படாமல், சக்கரத்தில் நேராக அடிக்காமல், துணியில் அடித்துத் துடையுங்கள்.

மேட் பெயிண்ட், அதாவது பளபளப்பில்லாத பெயிண்ட் போட்ட கார் என்றால் வேக்ஸ் கலந்த திரவம் வேண்டாம். ஆங்காங்கே பளபளப்பு ஏறித் திட்டாகிவிடும். மேட்டுக்கென்று தனியாக விற்கிறார்கள். பெயிண்டின் மேல் செராமிக் கோட்டிங் என்ற பாதுகாப்புப் படலம் போட்ட காரையும் இதே முறையில் துடைக்கலாம். கோட்டிங் இருக்கிறது என்ற தைரியத்தில் காய்ந்த துணி போடாதீர்கள். அதுவும் கீறும்.

நம்மூர்க் கறைகள்

காக்கை, புறா எச்சத்தைக் கண்டவுடன் எடுக்க வேண்டும், வாரக் கடைசி வரை காத்திருக்கக்கூடாது. அதில் அமிலம் இருக்கிறது. வெயிலில் கிளியர் கோட் விரிந்து, குளிரும்போது சுருங்கி, எச்சத்தின் வடிவத்திலேயே குழி விழுந்துவிடும். காய்ந்த எச்சத்தில் மண்ணும் விதைத் துணுக்கும் இருக்கும், அதனால் துடைக்கவும் கூடாது. டிஷ்யூ பேப்பரை மடித்து, திரவத்தில் நன்றாக நனைத்து, அதன் மேல் வைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்து வாருங்கள். பிறகு டிஷ்யூவோடு கிள்ளி எடுப்பது போலத் தூக்குங்கள். மிச்சம் இருந்தால் இன்னொரு தடவை. வண்டியில் ஒரு சின்ன ஸ்ப்ரே பாட்டிலும் இரண்டு துணியும் நிரந்தரமாக வைத்திருக்கிறேன், இதற்காகவே. நாவல் பழக் கறைக்கும், வேப்பம்பழம் நசுங்கி ஒட்டியதற்கும், நெடுஞ்சாலையில் பம்பரில் அடிபட்டுக் காய்ந்த பூச்சிகளுக்கும் இதே வைத்தியம்தான்.

ஆயுத பூஜைக்கு அடுத்த நாள் நிறையப் பேர் செய்யும் தப்பு ஒன்று உண்டு. பானெட்டில் வைத்த சந்தனம் காய்ந்து கெட்டியாகியிருக்கும். அதைக் காய்ந்த துணியால் சுரண்டித் துடைப்பார்கள். சந்தனம், குங்குமம், விபூதி எல்லாமே பொடிதான். எச்சத்துக்குச் சொன்ன மாதிரி ஊறவைத்துத் தூக்குங்கள். வெள்ளைக் காரில் மஞ்சளின் சாயம் கொஞ்சம் நின்றுவிட்டால் பயப்பட வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். மஞ்சளின் நிறம் சூரிய ஒளியில் சிதைந்துவிடும். சில நாள் வெயிலில் நின்றால் தானே வெளிறும். தீபாவளி முடிந்த காலையில் காரின் மேல் பட்டாசுக் காகிதமும் சாம்பலும் கிடந்தால் ஊதிவிட்டு, அப்புறம் ஸ்ப்ரே.

அடுக்குமாடியின் பேஸ்மென்டில் நிறுத்துகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கான்கிரீட் கூரையிலிருந்து தண்ணீர் கசிந்து சொட்டினால், காரின் மேல் வெள்ளையாகக் கல் மாதிரி ஒரு வில்லை உருவாகும். கான்கிரீட்டிலிருந்து வரும் சுண்ணாம்பு அது. வாட்டர்லெஸ் திரவத்துக்கு அது அசையாது. சொட்டி ஒன்றிரண்டு நாளுக்குள் பார்த்தால், வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து டிஷ்யூவில் நனைத்து ஒரு நிமிடம் வைத்தால் இளகும். வினிகருக்கு இந்த ஒரு வேலையை மட்டும் கொடுப்பேன். அது காய்வதற்குள் ஈரத் துணியால் நன்றாகத் துடைத்துவிட வேண்டும். பழைய வில்லை என்றால் நகத்தால் பெயர்க்காமல் பாலிஷ் தெரிந்தவரிடம் காட்டுங்கள். முதலில் வண்டியை அந்த இடத்திலிருந்து மாற்றி நிறுத்துங்கள்.

தார்ப் பொட்டுகளுக்கு அதற்கான திரவம் தனியாகக் கிடைக்கிறது. பெட்ரோல் ஊற்றித் துடைக்காதீர்கள்.

கார் கவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தூசி படிந்த காரின் மேல் கவர் போட்டால், காற்றில் அது படபடத்து அந்தத் தூசியை வைத்தே நாள் முழுக்கத் தேய்க்கும். துடைத்து முடித்த காருக்கு மட்டும் கவர் போடுங்கள்.

ஐந்து லிட்டர் தண்ணீர் கிடைத்தால்

கார் இன்னும் கொஞ்சம் அழுக்காக இருக்கிறது, ஆனால் சேறு இல்லை என்ற நிலைமைக்கு நடுவழி ஒன்று உண்டு. 'ரின்ஸ்லெஸ் வாஷ்' என்ற திரவத்தைப் பாட்டிலில் சொல்லியிருக்கும் அளவில் ஒரு சின்ன வாளித் தண்ணீரில் கலக்க வேண்டும். சில மூடி அளவுதான் பிடிக்கும். இதை அலச வேண்டியதில்லை. எல்லா மைக்ரோஃபைபர் துணிகளையும் அந்த வாளியில் ஊறப்போடுங்கள். ஒன்றை எடுத்து லேசாகப் பிழிந்து, முன்பு சொன்ன மாதிரியே மடித்து, ஒரு பக்கம் ஓர் இழுப்பு என்று துடையுங்கள். பயன்படுத்திய துணியை மறுபடி வாளிக்குள் போடவே கூடாது. போட்டால் வாளி முழுக்க மணல். அதே கலவையைச் செடிக்கு மருந்து அடிக்கும் கைப் பம்பில் நிரப்பி முன்கூட்டியே அடித்துவிட்டால் இன்னும் பாதுகாப்பு. என்னைக் கேட்டால், கருப்பு, கருநீலம், அடர்சிவப்புக் கார் வைத்திருப்பவர்கள் இதையே வழக்கமாக வைத்துக்கொள்ளலாம். கீறல் அந்த நிறங்களில்தான் எடுப்பாகத் தெரியும்.

வாளி வாளியாக ஊற்றிக் கழுவினால் மூன்று நான்கு வாளி, 60 லிட்டருக்குக் குறையாமல் போகும். ஹோஸைத் திறந்துவிட்டால் கணக்கே இல்லை. நம் பக்கத்துப் போர்த் தண்ணீரில் உப்பு வேறு. வெயிலில் காய்ந்தால் காரெல்லாம் வெள்ளைப் புள்ளி. பெங்களூரில் 2024 மார்ச்சில் தட்டுப்பாடு வந்தபோது, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. அப்படி ஓர் அறிவிப்பு வரும்வரை ஏன் காத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

தினமும் துடைக்க வருபவரிடம் பேசுவது

அடுக்குமாடிகளில் மாதச் சம்பளத்துக்குத் தினமும் கார் துடைக்க ஆள் வருவார். எங்கள் இடத்தில் வருபவர் காலை ஐந்தரையிலிருந்து இரண்டரை மணி நேரத்தில் 25 கார் துடைக்க வேண்டும். ஒரு வாளி, ஒரு துணி. இருபதாவது காருக்கு வரும்போது அந்தத் துணியில் பத்தொன்பது காரின் மணல் இருக்கும். அதில் அவர் தப்பு ஒன்றும் இல்லை. அவருக்குக் கிடைக்கும் நேரமும் தண்ணீரும் அவ்வளவுதான்.

வேலையை நிறுத்திவிடாதீர்கள், மாற்றிக் கொடுங்கள். நான் கேட்டது இதுதான்: "அண்ணே, மேல துணி போட வேண்டாம். டயர், கால்மிதி, உள்பக்கம் மட்டும் பாத்துக்கங்க. சம்பளம் அதேதான்." முதலில் அவருக்குத் தயக்கம். "தூசியா நின்னா செக்ரட்டரி என்னைத்தான் கேப்பாரு சார்," என்றார். செயலாளரிடம் நானே சொல்லிவிட்டேன். ஒரு மாதம் நான் துடைப்பதை நின்று பார்த்தவர், பிறகு எங்கள் பிளாக்கில் இன்னொரு கருப்புக் காருக்கும் இப்படியே செய்து கொடுக்கிறார், வாரம் ஒருமுறை, தனிச் சம்பளத்துக்கு. திரவமும் துணியும் கார்க்காரர் வாங்கித் தருகிறார்.

வாரம் ஒரு முறை போதும். தினமும் துடைப்பதால் கார் சுத்தமாக இருக்கலாம், ஆனால் பெயிண்டைத் தொடும் தடவை ஏழு மடங்கு ஆகிறது.

துணியைத் துவைப்பது

அழுக்குத் துணியை அப்படியே போட்டு வைத்தால் மணல் காய்ந்து உள்ளேயே நின்றுவிடும். அன்றைக்கே ஒரு வாளியில் சோப்புத் திரவம் போட்டு ஊறவையுங்கள். சோப்புத் தூள் சரியாகக் கரையாமல் இழைக்குள் நிற்கும், அதனால் திரவம். பருத்தித் துணிகளோடு சேர்த்துத் துவைத்தால் பஞ்சு முழுவதையும் மைக்ரோஃபைபர் இழுத்துக்கொள்ளும். தனியாகத் துவையுங்கள். கம்ஃபோர்ட் மாதிரி துணி மிருதுவாக்கும் திரவம் போடக்கூடாது. அது இழைகளுக்கு நடுவில் படிந்து, துகள் போய் உட்கார வேண்டிய இடத்தை அடைத்துவிடும். கொதிநீர் வேண்டாம், இஸ்திரி வேண்டாம். அந்தச் சூட்டில் இழை கெட்டு மிருது போய்விடும். மொட்டை மாடியில் காயப்போட்டால் பறக்கும் தூசி ஏறும். வீட்டுக்குள் நிழலில் உலர்த்தி, ஜிப் வைத்த பையில் போட்டு மூடி வையுங்கள்.

துவைத்த துணியை அடுத்த முறை எடுக்கும்போது கன்னத்தில் ஒற்றிப் பாருங்கள். சொரசொரப்பாகத் தெரிந்தாலோ, முள் மாதிரி எதாவது குத்தினாலோ அதைக் கதவின் கீழ்ப்பாதிக்கு இறக்கிவிடுங்கள். அங்கேயும் பழசானால் சக்கரத்துக்கு. சக்கரத்திலும் ஆன பிறகு சைக்கிள் செயின் துடைக்க ஆகும்.